உளவியல் ஆலோசனை: மங்கையர்க்கரசி

ஜூன் 12

முதலாண்டு மாணவிகளுக்கு இந்த வருஷம் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறேன். நாட்குறிப்பு எழுத வேண்டும். தன்னைத் தானே கவனிக்க வேண்டும். எதையும் ஒளிக்கக் கூடாது. உளவியல் படிக்க வந்தவர்களுக்கு முதல் நோயாளி அவர்களேதான் என்று வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "நீங்களும் எழுதுவீங்களா மேடம்?" என்று கேட்டாள். எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் இது.

இன்றைய செய்தி: எங்கள் குடியிருப்பில் சினிமா எடுக்கப் போகிறார்கள். சாலிகிராமத்தில் இத்தனை வருஷம் குடியிருந்தும் ஒரு கேமரா நம் கேட்டுக்குள் நுழையவில்லையே என்று செயலாளர் ஜெயக்கொடிக்கு நெடுநாள் ஏக்கம். பணி ஓய்வு பெற்றவர். கூட்டம் இல்லாத வாழ்க்கை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மொட்டை மாடியையும் மோட்டார் ரூமையும் வாடகைக்குக் கேட்கிறார்களாம். அந்தப் பணத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிடலாம் என்கிறார். படம் ஒரு கொலைகாரனைப் பற்றியது. அதைக் கேட்டதும் எதிர்வீட்டு லூர்துமேரி, "நம்ம மாடியில யாரக் கொல்றாங்க?" என்று ஆசையோடு விசாரித்தாள்.

கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இஸ்திரிக்காரர் ஒரு தலையணை உறையைத் தொலைத்துவிட்டு, அப்படி ஒன்று வரவே இல்லை என்கிறார்.

ஜூன் 15

படத்தின் இயக்குநர் மதிவதனன் வீட்டுக்கு வந்தார். மோட்டார் ரூம் சாவிக்காக. சாவி பரஞ்சோதியிடம்தான் இருக்கிறது.

பரஞ்சோதி என் தம்பி. எதையும் ஒளிக்கக் கூடாது என்பது விதி, அதனால் எழுதுகிறேன்: அவனுக்கு மனச்சிதைவு. கல்லூரியில் படிக்கும்போது வந்தது. மாத்திரையில் அடங்கி வருஷக்கணக்காகிறது. பள்ளிக்கூட நோட்ஸ் போடும் பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழைதிருத்துகிறான். விடியும் முன்பே எழுந்துவிடுகிறவன் என்பதால், தண்ணீர் லாரிக்குக் கேட் திறப்பது, மோட்டார் போடுவது, தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது எல்லாம் அவன் வேலை. யாரும் கொடுக்கவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவன், நான் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தவள். அப்பா விட்டுப்போன இந்த வீட்டில் ஒருவரையொருவர் அதிகம் கேள்வி கேட்காமல் இருந்து வருகிறோம்.

மதிவதனன் என் புத்தக அலமாரியைப் பார்த்ததும் சாவியை மறந்துவிட்டார். நான் உளவியல் பேராசிரியை என்று தெரிந்ததும் கடவுளே என்னை அனுப்பியதாகச் சொன்னார். அவருடைய கதாநாயகன் பகலில் நல்லவன், ராத்திரியில் கொலைகாரன். அதற்குப் பெயர் மனச்சிதைவு என்று எழுதி வைத்திருக்கிறார். மனச்சிதைவு வேறு, ஒருவனுக்குள் இரண்டு ஆள் இருப்பதாகச் சொல்வது வேறு, இரண்டுக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"சூப்பர் மேடம். அப்ப ரெண்டையுமே வெச்சுக்கலாம்."

படத்துக்கு ஆலோசகராக இருக்கச் சம்மதித்திருக்கிறேன். தெரியாதவர்கள் தப்பாக எடுப்பதைவிடத் தெரிந்தவர் ஒருவர் உள்ளேயிருந்து திருத்துவது நல்லது. திரையில் பெயர் போடுவார்களாம். அது எனக்கு முக்கியமில்லை. படத்தின் தொடக்கத்திலா, முடிவிலா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 19

பேச்சுவாக்கில் மதிவதனனிடம் தம்பியைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. கதாநாயகன் துருவேஷ் நேரில் வந்து அவனோடு பழக விரும்புகிறாராம். 'உள்வாங்கி' நடிப்பவராம்.

பரஞ்சோதியிடம் முறைப்படி எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் கேட்டேன். அவன் அப்போது லாரிக் குழாயைத் தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்குள் விட்டுக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை. "வரட்டும்க்கா. டீ குடிச்சிட்டுப் போகட்டும்" என்றான். சம்மதம்தான்.

ஜூன் 21

துருவேஷ் வந்தார். வாசனையோடு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கூண்டுக்குள் புலி எப்போது எழுந்திருக்கும் என்று காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரஞ்சோதி டீ போட்டுக் கொடுத்தான். அவர் வீட்டில் குழாய்த் தண்ணீரா லாரித் தண்ணீரா என்று விசாரித்தான். வெயில் காலத்தில் லாரிக்காரரை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசனை சொன்னான்.

துருவேஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, உங்களுக்கு உள்ள யாராவது பேசுறாங்களா?" என்று கேட்டார்.

"இப்ப இல்லங்க. செயலாளர் ஒருத்தர்தான் பேசுறாரு. அவரு கீழேருந்து பேசுறாரு."

கிளம்பும்போது துருவேஷ் என்னைத் தனியாக அழைத்து, "ரொம்ப நார்மலா இருக்காரு மேடம். எனக்கு எதுவுமே கிடைக்கல" என்றார். நான் வெட்கப்படக் காரணமில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த விருந்தாளி பசியோடு திரும்பிப் போனது போல ஒரு மாதிரி இருந்தது.

ஜூன் 24

வடபழனியில் அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். நோயின் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொன்னேன். இறந்துபோன அம்மாவின் குரல் மின்விசிறியிலிருந்து கேட்கிறது என்று அவன் சொன்ன நாட்கள். அது உண்மை. துருவேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது எப்படிப் பார்ப்பார் என்று கேட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மட்டும் மேலே தூக்கி, உதட்டோரம் லேசாகச் சிரித்து என்று செய்து காட்டினேன். அவர் உடனே அதைத் திருப்பிச் செய்தார். கண்ணாடியைப் பார்ப்பது போல இருந்தது. மதிவதனன் கைதட்டினார்.

பரஞ்சோதி அப்படித்தான் பார்ப்பானா என்று வீட்டுக்கு வந்து நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்த நாட்களில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருப்பான். தலையைத் தூக்கவே மாட்டான். ஆனால் சுருண்டு படுத்திருப்பவனைத் திரையில் எவ்வளவு நேரம் காட்ட முடியும்? சாராம்சம்தான் முக்கியம்.

ஜூலை 3

படப்பிடிப்பு. லிஃப்ட் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. மழை மட்டும் கொட்டுகிறது. அது லாரியில் வந்த மழை.

ஜூலை 5

கொலையான பெண் மாடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவதைப் பார்க்கக் குடியிருப்பே மாடிப்படியில் நின்றது. பரஞ்சோதி மழைக்காட்சிக்கு எங்கிருந்து குழாய் இழுக்கலாம் என்று வழி சொன்னான். எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. இரவு மாத்திரையை மறந்துவிடாதே என்று நினைவூட்டினேன். "இன்னிக்கு வரைக்கும் மறந்ததில்லையேக்கா" என்றான். அதுவும் உண்மை.

நவம்பர் 14

படம் வெளிவந்துவிட்டது. பரஞ்சோதியும் நானும் முதல் நாளே போனோம்.

பெயர் முடிவில்தான் வந்தது. ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, சாப்பாடு கொடுத்தவர்களுக்கும் ஜெனரேட்டர் கொடுத்தவர்களுக்கும் நடுவில், 'உளவியல் ஆலோசனை: பேராசிரியர் மங்கையர்க்கரசி'. துடைப்பத்தோடு உள்ளே வந்த அம்மாள் என் காலடியில் கிடந்த பாப்கார்னைக் கூட்டுவதற்குக் காத்திருந்தாள்.

படம் மோசமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கதாநாயகன் வீட்டிலிருந்து பிழைதிருத்துகிறவன். குடியிருப்புக்கு மோட்டார் போடுகிறவன். மின்விசிறியில் அம்மாவின் குரல் கேட்டதும் தலையைச் சாய்த்து மேலே பார்ப்பான். உடனே பின்னணியில் வயலின் கீச்சிடும். அடுத்த காட்சியில் ஒருத்தி பிணமாவாள். தியேட்டரில் அவன் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் விசில் பறந்தது. அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள், படித்தவள். இடைவேளைக்குப் பிறகு அவளுக்கு அதிக வேலை இல்லை.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் பரஞ்சோதியிடம் அபிப்பிராயம் கேட்டேன்.

"நல்லாக் கொல்றான்க்கா. மாத்திரை எப்பப் போடுறான்னுதான் கடைசி வரைக்கும் காட்டல." பிறகு, "அக்காவக் கொல்ற சீன்ல லாஜிக் இல்ல. அதுக்கப்புறம் அவனுக்கு யாரு சோறு போடுவா?" என்றான்.

சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்தத் தலை சாய்க்கும் பாணியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று வேறு சொன்னான். எங்கே என்று நான் கேட்கவில்லை. காற்று காதை அடைத்தது.

நவம்பர் 17

வகுப்பில் சினிமா மனிதனைப் பிரதிபலிக்கிறதா, உருவாக்குகிறதா என்று விவாதம் வைத்தேன். பாதிப் பேர் கண்ணாடி என்றார்கள், பாதிப் பேர் அச்சு என்றார்கள். கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, "அந்தப் படத்துல வர்ற சைக்கோ அப்படியே உங்கள மாதிரியே தலையைச் சாய்க்கிறான் மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது. மாணவிகளுக்கு ஆசிரியர்களிடம் மரியாதை குறைந்துகொண்டே வருகிறது. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

நவம்பர் 20

லிஃப்ட் ஓடுகிறது. அதில் பரஞ்சோதி ஏறினால் மற்றவர்கள் படியில் போகிறார்கள். எல்லோருக்கும் திடீரென்று உடற்பயிற்சியில் அக்கறை.

லூர்துமேரி வந்து, "தப்பா நினைக்காத மங்கை. உன் தம்பி தலையச் சாய்ச்சு மேல பாத்துக்கிட்டே நிக்கிறான். எனக்குக் குலை நடுங்கிப் போச்சு" என்றாள். மேலே இருப்பது தண்ணீர்த் தொட்டி, அது நிரம்பி வழிகிறதா என்று பல வருஷமாக அவன் அப்படித்தான் பார்க்கிறான் என்றேன். "இருக்கலாம். ஆனா முன்னாடியெல்லாம் வயலின் கேக்கல" என்றாள். அவளே சிரித்துவிட்டு, போகும்போது தன் வீட்டுக் கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுச் சாத்தினாள்.

நவம்பர் 24

மோட்டார் ரூம் சாவியைச் சங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது. படத்தில் முதல் பிணம் மோட்டார் ரூமில்தான் கிடைக்கிறது. சாவியை வாங்க ஜெயக்கொடி தனியாக வரவில்லை. காவலாளியையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்து வந்தார். "ஒரு முன்னெச்சரிக்கைதான் மேடம். நீங்க படிச்சவங்க, உங்களுக்கே தெரியும்" என்றார். ஒரு சாவிக்கு நான்கு ஆண்கள். பரஞ்சோதி அவர்களுக்கு டீ வேண்டுமா என்று கேட்டான். யாரும் குடிக்கவில்லை.

நவம்பர் 26

இரவெல்லாம் மோட்டாரை நிறுத்த ஆளில்லாமல் தொட்டி வழிந்து, விடிந்தபோது சம்ப்பில் தண்ணீர் இல்லை. வாட்ஸப் குழுவில், மோட்டாரில் யாரோ 'கை வைத்திருக்கலாம்' என்று ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். யார் என்று எழுதவில்லை. தலை சாய்ந்த மஞ்சள் பொம்மை ஒன்றைப் போட்டிருக்கிறார்.

நவம்பர் 29

காய்கறிக் கத்தி மழுங்கிவிட்டது. சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து என் பீரோவில் வைத்தேன். மறந்துவிடக் கூடாது என்று தேங்காய் அரிவாளையும் சேர்த்து வைத்தேன்.

டிசம்பர் 2

கொசு அதிகமாகிவிட்டது. படுக்கும்போது அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 4

பரஞ்சோதி கத்தி எங்கே என்று கேட்டான். சாணைக்குப் போயிருக்கிறது என்றேன். தக்காளியைக் கையாலேயே பிசைந்து ரசம் வைத்தேன். ரசத்துக்கு அதுதான் நல்லது. வெண்டைக்காயை அவன் ஒடித்து ஒடித்துப் போட்டான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 7

குடியிருப்புச் சங்கக் கூட்டம். தீர்மானம்: குடியிருப்போரின் பாதுகாப்பை முன்னிட்டு, பரஞ்சோதியை 'தகுந்த இல்லம் ஒன்றில்' சேர்க்கும்படி எங்களைக் கேட்டுக்கொள்வது. இது அவனுக்கும் சொந்தமான வீடு. அப்பா இருவர் பேரிலும்தான் எழுதி வைத்தார்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். திரைப்படங்கள் மனநோயாளிகளைப் பற்றி எப்படிப் பொய்யான அச்சத்தை விதைக்கின்றன, அவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தாக்கப்படுவதே அதிகம், இந்த அறியாமையை நினைத்து நாம் வெட்கப்பட வேண்டும் என்றெல்லாம். கல்லூரிக் கருத்தரங்கில்கூட எனக்கு இவ்வளவு சரளமாக வந்ததில்லை. ஓர் ஓரத்தில் கைதட்டலும் கேட்டது. பிறகு ஜெயக்கொடி போனை எடுத்துப் படத்தின் கடைசித் துண்டை எல்லோருக்கும் காட்டினார். "எல்லாம் சரி மேடம். ஆனா உங்க பேரே இதுல வருதே. நீங்க சொல்லித்தான எடுத்திருக்காங்க?"

நான் உட்கார்ந்துவிட்டேன். தீர்மானத்தைப் பொங்கலுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

டிசம்பர் 13

மாதாந்திரச் சோதனைக்குப் பரஞ்சோதியை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவன் நன்றாக இருக்கிறான் என்றார். நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயம் என்றார். இன்னொரு தடவை கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, எனக்குத் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

"நீங்களும் அந்தப் படத்தப் பாத்தீங்களா? என் பேஷன்ட்டோட வீட்டுக்காரங்க நெறயப் பேர் அதப் பாத்துட்டு வந்து உயிர எடுக்கறாங்க. அதுக்கு ஒரு ஆலோசகர் வேற. யாரு அந்தப் புண்ணியவதி, உங்க துறைதானே?"

நான் பெயரைக் கவனிக்கவில்லை என்றேன். பரஞ்சோதி சுவரில் தொங்கிய மூளைப் படத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழா. சிறப்பு விருந்தினர் துருவேஷ். நம் மாடியில் எடுத்த படம் நூறு கோடியை நோக்கி ஓடுகிறது என்பதில் ஜெயக்கொடிக்கு அப்பா ஸ்தானத்துப் பெருமை. என்னைத் தனியே அழைத்து, அன்று சாயங்காலம் மட்டும் பரஞ்சோதி கீழே வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். குழந்தைகள் பயப்படுவார்களாம். விழா நல்லபடியாக நடந்தால் அந்தத் தீர்மானத்தை வலியுறுத்த மாட்டார்களாம்.

கொலைகாரனாக நடித்தவன் மேடையில், டீ போட்டுக் கொடுத்தவன் வீட்டுக்குள். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். பார்க்கிறேன் என்று சொன்னேன்.

ஜனவரி 12

நேற்று எழுத முடியவில்லை.

விழாவுக்குக் கிளம்பும்போது பரஞ்சோதி தூங்கிக்கொண்டிருந்தான். நான் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனேன். காற்றில் கதவு அடித்துக்கொண்டால் எழுந்துவிடுவான் என்று.

கீழே ஒலிபெருக்கி அலறியது. கோலப் போட்டி, உறியடி, பிறகு துருவேஷ். அவரோடு படமெடுத்துக்கொள்ள வரிசை கேட் வரை நின்றது. ஒவ்வொருவராகப் போய் அவர் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்து, கண்ணை மேலே தூக்கி, உதட்டோரம் சிரித்தார்கள். குழந்தைகள், குழந்தைகளின் பாதுகாப்புக்காக அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட அப்பாக்கள், லூர்துமேரி. யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. துருவேஷ் என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "அண்ணன் எங்க மேடம்? அவருக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கேன்" என்றார். சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். நான் இயல்பாகத்தான் நின்றேன். எல்லோரிலும் நான்தான் சரியாகச் செய்ததாக, அவரோடு வந்திருந்த மதிவதனன் சொன்னார்.

மேலே வந்து தாழ்ப்பாளை எடுத்தபோது வீட்டில் விளக்கு எரியவில்லை. பரஞ்சோதி குளியலறையில், வாளித் தண்ணீரில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தான். எழுந்து சோறு வைத்திருக்கிறான். கஞ்சி வடிக்கும்போது பாத்திரம் நழுவி இடது பாதத்தில் முழுக்கக் கொட்டிவிட்டது. தோல் உரிந்து தொங்கியது. உதடு கறுத்திருந்தது. என் போனுக்கு அடித்திருக்கிறான், பலமுறை அடித்திருக்கிறான். அது பைக்குள் கிடந்தது. கதவுவரை தவழ்ந்து வந்து இழுத்துப் பார்த்திருக்கிறான். வாசலிலிருந்து குளியலறைவரை தரையெல்லாம் ஈரம்.

எதிர்வீட்டில் லூர்துமேரியின் மாமனார் இருந்திருக்கிறார். ஏன் கதவைத் தட்டிக் கூப்பிடவில்லை என்று அவனிடம் கத்தினேன். கத்தத்தான் செய்தேன்.

"தட்டலாம்னுதான் கையத் தூக்கினேன். பூட்டின வீட்டுக்குள்ளேருந்து நான் கதவ இடிச்சா அது எப்படிக் கேக்கும்னு நெனச்சுப் பாத்தேன்க்கா. படத்துலயும் அந்த சீன் இருக்குல்ல." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அதான் சத்தம் போடாம உக்காந்துட்டேன்" என்றான்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். வழியில் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கியது. ஜெயக்கொடி கரும்போடு விசாரிக்க வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல. இவரத் தனியா விட முடியாது" என்றார். அவர் கையிலிருந்து கரும்பை வாங்கிக்கொண்டேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டது நான் என்று சொல்லவில்லை.

ஜனவரி 25

கூட்டம். அவனுக்காகப் பேச ராத்திரியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வேறொரு படம் வந்து ஓடுகிறது. அதில் வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒரு குடும்பத்தையே விஷம் வைத்துக் கொல்கிறாள். சங்கம் முழுக்க அந்தக் கவலையில் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களின் பையை கேட்டிலேயே சோதிப்பது என்று கைதூக்கி நிறைவேற்றினார்கள். லூர்துமேரி இரண்டு கையையும் தூக்கினாள். பரஞ்சோதி பற்றிய தீர்மானத்தை நினைவூட்டியதே நான்தான். ஜெயக்கொடி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது கிடக்கட்டும் மேடம். அவருக்குக் கால் சரியானதும் மோட்டார் சாவிய வாங்கிக்கச் சொல்லுங்க. தண்ணிக்கு நாய் படாத பாடா இருக்கு" என்றார்.

ஆக, அவன் இருக்கலாம். ஜெயித்துவிட்டோம். வரும் வழியில் அல்வா வாங்கினேன்.

ஜனவரி 25, பிறகு

அல்வாவைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னான். திருவல்லிக்கேணியில், தனி ஆண்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு மேன்ஷனில் அறை பார்த்துவிட்டானாம். பதிப்பகத்துக்குப் பக்கம். கால் ஆறியதும் போய்விடுவானாம்.

அவர்கள் தீர்மானத்தைக் கைவிட்டுவிட்டார்கள், சாவியையும் தரப் போகிறார்கள், இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்றேன். பயந்து ஓடுவதுதான் தப்பு என்று கொஞ்சம் விரிவாகவே விளக்கினேன். முடிக்கும்வரை காத்திருந்தான்.

"அவங்களுக்காகப் போகலக்கா. அவங்க கதவச் சாத்துனா எனக்கு என்ன? லூர்துமேரி அக்கா பொழுதுக்கும் எதையாவது பாத்துப் பயப்படுறவங்க." டப்பாவை மூடினான். "நீ ராத்திரி தாழ்ப்பாள் போடுற சத்தம் எனக்குக் கேக்குது. மெதுவாத்தான் போடுற. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போடுற. அதுவும் கேக்குது."

கொசு என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"நீ தூங்கி ரெண்டு மாசம் ஆகுதுக்கா. நான் போனா தூங்குவ."

ஜனவரி 30

மாணவிகளின் நாட்குறிப்புகளைத் திருத்தி முடித்தேன். பலரும் தங்களைத் தவிர மற்ற எல்லோரையும் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் மதிப்பெண் போட்டேன்.

பிப்ரவரி 1

போய்விட்டான். இரண்டு பை, ஒரு மேசை விளக்கு, மாத்திரைப் பெட்டி. டாக்ஸி கிளம்பும்போது ஜெயக்கொடி ஓடிவந்து எந்த லாரிக்காரரை நம்பலாம் என்று கேட்டார். பரஞ்சோதி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்.

நான் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று காலையில் யோசித்தேன்.

பிப்ரவரி 8

மேன்ஷனுக்குப் போனேன். சொல்லாமல் போனேன். சும்மா பார்க்கத்தான்.

அறை சிறியது, ஜன்னல் பெரியது. பக்கத்து அறையில் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெரியவர், பெயர் சிக்கந்தர். போன அன்றே இருவரையும் கூப்பிட்டுத் தன் நோயைச் சொல்லியிருக்கிறான். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ராத்திரியில் குறட்டை விடுவாயா என்று சிக்கந்தர் கேட்டாராம். இல்லை என்றதும் நிம்மதியாகப் போய்விட்டாராம்.

நான் அலமாரியைப் பார்த்தேன். மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேன். படுக்கை சுருங்கியிருக்கிறதா, சாப்பிட்ட தட்டைக் கழுவியிருக்கிறானா, கண்ணுக்கடியில் கறுத்திருக்கிறதா என்று பார்த்தேன். அவன் ஜன்னலோரம் நின்று நான் பார்த்து முடிப்பதற்காகக் காத்திருந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தான். இன்னும் காலை லேசாகத் தாங்கித்தான் நடக்கிறான்.

அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றேன்.

"வா. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடு."

"ஏன், யாராவது இருப்பாங்களா உள்ள?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "திடீர்னு வந்து நின்னா, நீ என்னப் பாக்க வந்தியா, நான் எப்படி இருக்கேன்னு பாக்க வந்தியான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குதுக்கா" என்றான்.

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். அண்ணா சாலை திரும்புவதற்குள் போனை எடுத்து அவனுக்கு அடித்தேன். என்னவென்று கேட்டான். அடுத்த ஞாயிறு வரலாமா என்று கேட்டேன்.

பின்னால் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது.

"அதுக்கடுத்த ஞாயிறு வாக்கா" என்றான்.

சரி என்றேன்.